உள்பக்கம் மட்டும்

முப்பத்தொரு வருஷம்
கென்ட் நகரத்துத் தரைகளின் மேல்
மண்டியிட்டிருக்கிறேன்.
சமையலறைகள், ஒரு பல் மருத்துவமனை,
ட்ராம் டிப்போவின் கழிப்பறைகள்,
லெய் ஆற்றங்கரையில் ஒரு தேவாலயத்தின் பக்கவாசல்.
அங்கேகூட
கடவுளுக்காக மண்டியிட்டதில்லை,
டைல்ஸுக்காக.

எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து
டாக்டர் வெர்ஹாகெ சொன்னார்:
"உள்பக்கம் மட்டும்தான் தேய்ந்திருக்கிறது, வான்னஸ்.
மற்றதெல்லாம் இன்னும் உழைக்கும்."
உடனே விளங்கிவிட்டது.
ஒரு டைல் விரிசல் விட்டதற்காகக்
கூடம் முழுவதையும் பெயர்ப்பவன்
கொத்தன் இல்லை, வியாபாரி.

இரண்டு வழி, என்றார்.
அவர் கையும் கண்ணும்,
எலும்பின் மேல் அச்சு வைத்து அறுப்பது
ஒன்று.
மற்றது ரோபோவின் கரம்.
என் எலும்பின் படத்தை முன்பே மனப்பாடம் செய்துகொண்டு
கோட்டைத் தாண்டப் பார்த்தால்
கருவியை நிறுத்திவிடும்.
"அப்போதும் பிடித்திருப்பது நான்தான்" என்றார்,
கொஞ்சம் அவசரமாக.

எது நல்லது?

"அது தெரியத்தான்
உங்கள் முழங்காலைக் கேட்கிறேன்."

ஆராய்ச்சி. மூடிய உறைக்குள் ஒரு சீட்டு.
எனக்கு எது என்று
இரண்டு வருஷம் சொல்லமாட்டார்கள்.
ரோபோவுக்கு வழிகாட்ட
எலும்பில் ஊசிகள் இறக்குவார்களாம்.
தழும்பை வைத்து யாரும் கண்டுபிடித்துவிடக் கூடாதென்று
ரோபோ தொடாத கால்களிலும்
அதே இடத்தில், தோலளவில், கீறல்.
பொய்த் தழும்பு.
நானும் செய்ததுதான்.
பழைய தரையில் புது ஒட்டு தெரியாமலிருக்க
கறுப்புத் தேநீரைக் காய்ச்சிப் பூசியிருக்கிறேன்.

பயிற்சிக் கூடத்தில்
பக்கத்து சைக்கிளில் கோடெலீவ்,
பந்தய அரங்கில் டிக்கெட் கிழிப்பவள்.
"எனக்கு ரோபோதான்," என்றாள்.
"நடுராத்திரியில் சார்ஜ் ஏறுகிற சத்தம் கேட்கிறது."
சிரித்ததில் என் தையல் இழுத்தது.
எனக்கும் ரோபோதான் என்றேன்.
பந்தயம்: தப்பாகச் சொன்னவர்
வறுத்த உருளைக்கிழங்கு வாங்கித் தர வேண்டும்,
பெரிய பொட்டலம்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று
பிறகு யோசித்தேன்.
லேசர் மட்டம் வந்த வருஷம் கேலி பேசினேன்.
மறு வருஷம் வாங்கினேன்.
ரசமட்டத்தின் குமிழியோடு மல்லுக்கட்டிய கண்களுக்கு
அந்தச் சிவப்புக் கோடு ஒரு விடுமுறை.
ஆனாலும் கோடு சரி என்ற பிறகு
உள்ளங்கையை ஒருதரம் ஓட்டிப் பார்ப்பேன்.
வீடே ஒரு பக்கம் சாய்ந்திருந்தால்
கோட்டுக்கு அது தெரியாது.
டாக்டரிடம் இதைச் சொன்னேன்:
எலும்பை அளந்துவிடலாம்,
தசைநாரின் இழுப்பைக்
கையில் வாங்கித்தானே பார்க்க வேண்டும்?
"அதையும் இப்போது எண்ணாகக் காட்டுகிறது" என்றார்.
பெருமையா வருத்தமா,
அந்தக் குரலில் மட்டம் வைக்க முடியவில்லை.

இரண்டாம் நவம்பரில் கடிதம்.
கோடெலீவுக்கு ரோபோ.
எனக்குக் கை.

அவள் முழங்கால் என்னுடையதைவிட
நாலு பாகை கூடுதலாக மடங்கும்.
என்னுடையது மழைக்கு முன்னால் முனகாது.
இதை வைத்து யாரும் எதையும் நிரூபிக்க முடியாது,
இரண்டு கால்தானே.
மீதிக் கால்களை எண்ணி முடிக்க
இன்னும் நாளாகுமாம்.

ஆனால் அன்று மாலை,
மருத்துவமனையை விட்டு வந்தபின் முதல்முறையாக,
வலித்தது.
உள்பக்கம் மட்டும்.
அச்சு வைத்தபோது
அவர் அன்று நன்றாகத் தூங்கியிருந்தாரா?
கடிதத்துக்கு முன்னால் இப்படியொரு கேள்வி
எனக்கு இருந்ததே இல்லை.

தோற்றவன் வாங்கித் தந்தேன்.
அரங்கின் உச்சி வரிசைக்குப் போய்ச் சாப்பிடலாம் என்றாள்.
அறுபத்தெட்டுப் படி. அவள் எண்ணினாள்.
பொட்டலம் ஒரு கையில், சூடாக.
கைப்பிடியைப் பிடிக்காமலே ஏறினேன்.
பிடிக்கவில்லை என்று அடித்துச் சொல்ல முடியாது,
ஒரு விரல்
தொட்டுக்கொண்டே வந்தது.